சூடேறாத எரு

விடிகாலையில் குருநாகல் பக்கமிருந்து வரும் லொறியில் என்ன இருக்கிறது என்று கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் நிற்பவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மூக்கே சொல்லிவிடும். தார்ப்பாய் போர்த்திக் கயிறு இறுக்கிக் கட்டிய மூடைகள். பின்னால் வரும் பஸ்ஸில் யன்னல் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக இழுத்துச் சாத்தப்படும். மூடைகளின் மேல் அச்சாகியிருப்பது கோழித்தீன் கம்பனியின் பெயர். உள்ளே இருப்பது தீன் அல்ல. அந்தத் தீனைத் தின்ற கோழிகள் ஐந்தாறு வாரம் மிதித்துக் கிடந்த உமியும் எச்சமும்.

கோழி எரு.

நாட்டின் கோழிப் பண்ணைகளில் பெரும்பங்கு வடமேல் மாகாணத்திலும் மேல் மாகாணத்திலும் இருக்கிறது. மரக்கறித் தோட்டங்களோ மலையில். இரண்டுக்கும் நடுவே கண்டி. ஆகவே லொறி கண்டியைத் தொட்டுத்தான் போகவேண்டும். நகர நெரிசலைச் சுற்றிக்கொண்டு கெட்டம்பேக்கு வரும். பேராதனைப் பாலத்தைத் தாண்டும். கம்பளை வீதியைப் பிடித்து றம்பொடை வளைவுகளில் முனகி முனகி நுவரெலியாவுக்கு ஏறும். இன்னொரு லொறி தலாத்துஓயாப் பக்கம் திரும்பி மாரஸ்ஸனைக்கும் ஹேவாஹெட்டைக்கும் போகும். போஞ்சி, கோவா, லீக்ஸ், கரட் என்று அந்தச் சரிவுகளில் விளைவதில் ஒரு பங்கு மறுபடி இதே வீதியால் கீழே இறங்கிக் கண்டிச் சந்தைக்கு வரும்.

அந்தப் பாதையை ஒருமுறை வரைபடத்தில் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் தலைமையகம் கெட்டம்பேயில். விவசாயத் திணைக்களத்தின் தலைமையகம் பேராதனையில். மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகமும் தோட்டக்கலைப் பயிர் ஆராய்ச்சி நிறுவகமும் ஆற்றுக்கு அப்பால் கன்னொறுவையில். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்திய பீடம், விவசாய பீடம், மருத்துவ பீடம் மூன்றும் உண்டு. பேராதனைப் போதனா வைத்தியசாலை பக்கத்தில். கண்டி தேசிய வைத்தியசாலை கொஞ்சம் தள்ளி. கோழியைப் பற்றியும் பயிரைப் பற்றியும் நோயைப் பற்றியும் இந்த நாட்டுக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி சில கிலோமீற்றர் வட்டத்துக்குள் குடியிருக்கிறது. மூடை இந்த வாசல்களைக் கடந்துதான் தினமும் போகிறது. ஆனால் அது யாருடைய மூடை? கூட்டுக்குள் இருக்கும்வரை கால்நடைத் திணைக்களத்தின் விஷயம். பாத்தியில் விழுந்தபின் விவசாயத் திணைக்களத்தின் விஷயம். வாய்க்குள் போய் வருத்தம் வந்தால் சுகாதார அமைச்சின் விஷயம். லொறியில் இருக்கும்போது அது எவருடைய விஷயமும் இல்லை.

கோழி எருவைக் குறை சொல்ல மலைநாட்டு விவசாயிக்கு வாய் வராது. மாட்டெருவைவிட நைதரசனும் பொசுபரசும் இதில் கூட. மாடு வைத்திருப்பவர்களும் குறைந்துபோனார்கள். இரசாயனப் பசளையின் விலை ஏறும்போதெல்லாம் கை போவது இந்த மூடைக்குத்தான். பண்ணைக்காரருக்கும் இது தலைவலி தீர்க்கும் வியாபாரம். ஆயிரம் இறைச்சிக் கோழி வளர்த்து இறக்கினால் ஏறக்குறைய ஒரு தொன் கழிவு கூட்டுக்குள் கிடக்கும். அதை வாரி வெளியேற்றாமல் அடுத்த தொகுதிக் குஞ்சு இறக்க முடியாது. தீன் வந்த வெறும் சாக்கு கையில் இருக்கிறது, வாங்க ஆள் இருக்கிறார். இதைவிட ஒழுங்கான மீள்சுழற்சி எங்கே உண்டு என்று கேட்டால் பதில் சொல்லக் கஷ்டம்.

விவசாயிகள் இந்த எருவைப் பற்றிச் சொல்லும் ஒரேயொரு குறை, ‘கோழி எரு சூடு’ என்பது. பச்சையாகப் போட்டால் நாற்று கருகிவிடும். உண்மைதான், கருக்குவது அதிலுள்ள அமோனியாவும் உப்பும். அதனால் கெட்டிக்கார விவசாயி மூடையைச் சில நாள் ஓரமாக வைத்து, மணம் கொஞ்சம் அடங்கியதும் நடுகைக்கு முன் பாத்தியில் தூவி மண்ணோடு கொத்திவிடுவார். பயிருக்கு அது போதும். கிருமிக்குப் போதாது. கிருமி சாக வேறொரு சூடு வேண்டும். அந்தச் சூட்டைப் பற்றிப் பேசுமுன் மூடைக்குள் இருப்பவர்கள் யார் என்று பார்த்துவிடலாம்.

ஒருநாள் வயதுக் குஞ்சை இறக்கிய கையோடு குடிதண்ணீரில் அன்டிபயோட்டிக் கலந்து கொடுப்பது பல பண்ணைகளில் நடப்பது. நோய் வந்ததற்காக அல்ல, வராமல் இருப்பதற்காக. வழி நெடுகக் குலுங்கி வந்த குஞ்சு, செத்தால் நட்டம், மருந்தோ மலிவு. இப்படிக் கொடுக்கும் மருந்தெல்லாம் கோழியின் உடம்பில் தங்கிவிடுவதில்லை. மருந்தைப் பொறுத்து முப்பது சதவீதம் முதல் தொண்ணூறு சதவீதம்வரை உருமாறாமலே எச்சத்தில் வெளியே வரும். உருமாறினாலும் நிம்மதி இல்லை. கோழிக்குக் கொடுக்கும் என்ரோஃப்ளொக்சசின் அதன் உடலில் ஓரளவு சிப்ரோஃப்ளொக்சசினாக மாறுகிறது. சிறுநீர்க் கடுப்புக்கு வைத்தியர் எழுதித் தரும் அதே சிப்ரோஃப்ளொக்சசின்தான்.

கோழியின் குடலில் கோடிக்கணக்கில் வாழும் ஈ. கோலை பக்டீரியாவுக்கு இது ஒரு பள்ளிக்கூடம். மருந்துக்கு அடங்குபவை சாகும். அடங்காதவை பெருகும். பெருகுவதோடு நிற்காமல், அடங்காதிருக்கும் வித்தையைப் பிளாஸ்மிட் என்ற சின்ன மரபணு வளையத்தில் பொதிந்து பக்கத்திலிருக்கும் வேறு இனப் பக்டீரியாவுக்கும் கொடுத்துவிடும். பரீட்சை மண்டபத்தில் மேசைக்கு மேசை கைமாறும் துண்டுக் கடதாசி மாதிரி. எழுதிக் கொடுத்தவர் வெளியேற்றப்பட்டாலும் துண்டு மண்டபத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இது கோழிக்கூட்டைத் தாண்டி மனிதரிடம் வருமா என்ற கேள்விக்கு வயது அரை நூற்றாண்டுக்கு மேல். அமெரிக்காவில் போஸ்டன் நகருக்கு அருகே ஒரு சிறு பண்ணையில் ஸ்டூவர்ட் லெவி என்ற மருத்துவ விஞ்ஞானி இதைச் செய்து பார்த்தார். கோழிக் குஞ்சுகளை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு டெட்ராசைக்கிளின் கலந்த தீன், மறுபாதிக்குச் சாதாரணத் தீன். ஒரு வாரத்துக்குள் மருந்துத் தீன் தின்ற கோழிகளின் குடல் முழுக்க டெட்ராசைக்கிளினுக்கு அடங்காத பக்டீரியா. அதை அவர் எதிர்பார்த்திருப்பார். ஐந்தாறு மாதத்தில் நடந்ததுதான் விஷயம். மருந்தை வாயில் போட்டே பார்க்காத பண்ணைக் குடும்பத்தின் மல மாதிரிகளில் 31.3 சதவீதத்தில் அதே அடங்காத கூட்டம் பெரும்பான்மையாக இருந்தது. அயல் வீட்டாரிடம் அது 6.8 சதவீதம்தான். அதோடு, அந்தப் பக்டீரியா டெட்ராசைக்கிளினுக்கு மட்டுமல்ல, கோழிகள் கண்ணாலும் காணாத வேறு மருந்துகளுக்கும் அடங்கவில்லை. 1976 இல் இது வெளிவந்தது. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காகத் தீனில் அன்டிபயோட்டிக் கலப்பதை முழுதாக நிறுத்தியது 2006 ஜனவரியில். முப்பது வருஷம்!

லெவி பார்த்தது பண்ணை வீட்டை. மூடை போய்ச் சேரும் வயலைப் பார்க்க நாம் டில்லிக்குப் போகவேண்டும். அங்குள்ள விஞ்ஞான சுற்றாடல் மையம் உத்தரப் பிரதேசம், ஹரியானா, ராஜஸ்தான், பஞ்சாப் ஆகிய மாநிலங்களில் 12 கோழிப் பண்ணைகளில் மாதிரி எடுத்து 2017 இல் முடிவை வெளியிட்டது. கூட்டுக்குள் இருந்த எருவையும் மண்ணையும் மட்டுமல்ல, வெளியே எரு போட்ட விவசாய மண்ணையும் எடுத்தார்கள் என்பதுதான் அந்த ஆய்வின் கெட்டித்தனம். கிடைத்த ஈ. கோலை ஒவ்வொன்றும் பல மருந்துகளுக்கு அடங்காதது, நூற்றுக்கு நூறு. நிமோனியாவோடு தொடர்புள்ள கிளெப்சியெல்லாவில் 92 சதவீதம் அப்படி. பண்ணை எருவிலிருந்த ஈ. கோலையும் வெளியே வயல் மண்ணிலிருந்த ஈ. கோலையும் எந்தெந்த மருந்துக்கு அடங்கவில்லை என்று ஒப்பிட்டுப் பார்த்தபோது இரண்டு பட்டியலும் பெரிதும் ஒத்துப்போயின. பதப்படுத்தாத எருவை வயலில் போடும் வழக்கம் அந்த இடங்களிலும் உண்டு. நம் மூடை அங்கேயும் போகிறது, சாக்கின் பெயர்தான் வேறு.

நாடு வேறு, பண்ணை வேறு என்று சிலர் தோளைக் குலுக்கலாம். கிருமிக்குக் கடவுச்சீட்டு இல்லை என்பதைக் கொலிஸ்டின் கதை காட்டியது. வேறெந்த மருந்தும் கேட்காத நோயாளிக்கு வைத்தியர்கள் கடைசியாகக் கையில் எடுக்கும் மருந்து அது. அதற்கு அடங்காதிருக்கும் மரபணு ஒன்று, பிளாஸ்மிட்டில் ஏறி ஒரு பக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியதாக இருப்பதைச் சீன விஞ்ஞானிகள் 2015 நவம்பரில் அறிவித்தார்கள். கண்டுபிடித்த இடம் பண்ணை விலங்கும் இறைச்சியும். சில மாதங்களுக்குள் கண்டம் கண்டமாக, தங்கள் குளிரூட்டியில் கிடந்த பழைய மாதிரிகளைத் தட்டிப் பார்த்த ஆய்வுகூடங்கள் ‘எங்களிடமும் இருக்கிறது’ என்று எழுதத் தொடங்கின. சீனா 2017 இல் கொலிஸ்டினைத் தீனிலிருந்து எடுத்தது. இந்தியா 2019 ஜூலையில் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் அதைத் தடைசெய்தது. இலங்கையும் மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்கு எதிராக 2017 முதல் 2022 வரைக்கான தேசிய மூலோபாயத் திட்டம் ஒன்றை வகுத்து, மனித வைத்தியத்தையும் மிருக வைத்தியத்தையும் ஒரே தாளில் கொண்டுவந்தது. தாளில் சேர்ந்தது நல்லதுதான்.

இடையில் வந்தது 2021.

அந்த வருஷம் ஏப்ரல் கடைசியில் அமைச்சரவை முடிவு, மே 6 இல் வர்த்தமானி. இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாக நின்றது. நாடு ஒரே போகத்தில் சேதன விவசாயத்துக்கு மாறவேண்டும் என்பது கட்டளை. பேராதனையின் பயிர் விஞ்ஞானப் பேராசிரியர் புத்தி மாரம்பே போன்றவர்கள் இது நடக்காத காரியம் என்று பகிரங்கமாகச் சொன்னார்கள். நவம்பரில் அரசாங்கமே பின்வாங்கியது. நடுவே கழிந்த ஆறேழு மாதத்தில் எரு என்று பெயர் உள்ள எதையும் விவசாயி தேடி ஓடவேண்டியிருந்தது. மக்கிப்போக நேரம் கொடுக்கும் நிலையில் யார் இருந்தார்கள்? நடுகைக்கு நாள் வந்துவிட்டது, யூரியா இல்லை, கோழி எரு மூடை வந்தால் அவிழ்த்துக் கொட்டுவதுதான். ‘சேதனம்’ என்ற சொல்லுக்கு ஒரு புனிதம் ஏறிய காலம் அது. சேதனமென்றால் நஞ்சில்லாதது, நஞ்சில்லாததென்றால் ஆபத்தில்லாதது. இந்த இரண்டாவது சமன்பாடு எங்கே பிழைக்கிறது என்று மேடையில் யாரும் விளக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அதே வருஷம்தான் பசளைக்குள் பக்டீரியா இருக்கும் என்ற செய்தியை நாடு முழுவதும் கேட்டது. சீனாவிலிருந்து ‘ஹிப்போ ஸ்பிரிட்’ என்ற கப்பல் 20,000 தொன் சேதனப் பசளையோடு வந்தது. மாதிரியில் பயிருக்குக் கேடான எர்வினியா பக்டீரியா இருப்பதாகத் தேசிய தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவை சொன்னது. பசளையை அனுப்பிய கம்பனி மறுத்தது. கப்பல் கடலில் சுற்றிச் சுற்றி நின்றது. பசளைக்குப் பணம் செலுத்தாத மக்கள் வங்கியைச் சீனத் தூதரகம் கறுப்புப் பட்டியலில் போட்டது. கடைசியில் 2022 ஜனவரியில் இலங்கை ஏறத்தாழ 69 இலட்சம் டொலர் கட்டியது. பசளை மட்டும் இறங்கவே இல்லை. கடல் தாண்டி வந்த பசளைக்கு நுணுக்குக்காட்டி வைத்துப் பார்த்த நாட்டில், குருநாகலிலிருந்து வரும் பசளைக்கு மூக்கு ஒன்றுதான் பரிசோதகர். பொதிசெய்து விற்கும் கூட்டெருவுக்கு இலங்கைக் கட்டளைகள் நிறுவகத்தின் தரம் உண்டு. தீன் சாக்கில் கட்டிய மூடை அந்தக் கணக்கில் வராது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறைப்பாடு போனாலும் அது நாற்றத்தைப் பற்றியும் இலையானைப் பற்றியும்தான் இருக்கும்.

இனி அந்தச் சூடு.

ஒரு மீற்றருக்குக் குறையாத உயரத்தில் எருவைக் குவித்து, காற்றும் ஈரமும் அளவாக இருக்கச் செய்தால், உள்ளே வேலை செய்யும் நுண்ணுயிர்களே குவியலை 55 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கும். அந்தச் சூட்டில் சில நாள் இருந்தால் ஈ. கோலை, சல்மொனெல்லா வகையறா பெரும்பாலும் செத்துவிடும். அமெரிக்கச் சேதன விவசாய விதி இதற்குக் கணக்கே வைத்திருக்கிறது. நீளக் குவியலாக இருந்தால் 15 நாள் 55 பாகைக்குக் குறையாமல் இருக்கவேண்டும், அதற்குள் குறைந்தது ஐந்து தடவை புரட்டவேண்டும். புரட்டுவது ஏனென்றால், குவியலின் நடுதான் வேகும். ஓரத்தில் இருப்பது வெளிக் காற்றில் குளிர்ந்துகொண்டிருக்கும். ஓரத்தை நடுவுக்குக் கொண்டுவராவிட்டால் பாதிக் குவியல் பச்சை. சூடு பார்க்கக் கருவிகூட வேண்டாம். ஓர் இரும்புக் கம்பியை நடுவில் குத்திப் பத்து நிமிஷம் விட்டு இழுத்துத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாமல் சுட்டால் குவியல் உயிரோடு இருக்கிறது.

இங்கேயும் ஒரு நுணுக்கம் தப்பிப்போகிறது. கோழி எருவில் நைதரசன் மிகுதி, காபன் குறைவு. தனியே குவித்தால் அமோனியாவாக ஆவியாகி, விவசாயி காசு கொடுத்து வாங்கிய சத்தே காற்றில் போகும். கூட்டெரு என்றதும் வேலியோரத்துக் கிளிரிசீடியாவையும் காட்டுச் சூரியகாந்தியையும் வெட்டிப் போடுவது மலைநாட்டு வழக்கம். அவையும் நைதரசன் நிறைந்த பச்சை இலைதான். கோழி எருவுக்குக் கூட்டாளி வைக்கோல், காய்ந்த சருகு, உமி, மரத்தூள். வைக்கோல் கீழ்நாட்டு வயலில் இருக்கிறது. மேலே கொண்டுவர இன்னொரு லொறி.

சூடேற்றினால் எல்லாம் தீர்ந்ததா? இல்லை. பக்டீரியா செத்தாலும் அதன் மரபணுத் துண்டுகள் எல்லாம் அழிவதில்லை, குறையும், ஒழியாது. டெட்ராசைக்கிளின் மிச்சம் குவியலில் நன்றாகச் சிதையும், என்ரோஃப்ளொக்சசின் குடும்பம் பிடிவாதமாக நிற்கும். அமெரிக்க ஆய்வாளர்கள் 2014 இல் இன்னொரு புதிரையும் வெளியிட்டார்கள். அன்டிபயோட்டிக்கே கொடுக்காத மாடுகளின் எருவைப் போட்ட மண்ணிலும், இரசாயனப் பசளை போட்ட மண்ணைவிட மருந்துக்கு அடங்காத பக்டீரியா பெருகியது. எருவிலிருந்து வந்தவை அல்ல, மண்ணில் முன்பே இருந்தவை, எருவின் ஊட்டத்தில் தலையெடுத்தவை. ஆகவே எருவில் தொடங்கி வைத்தியசாலைக் கட்டில்வரை நேர்கோடு போட்டுக் காட்ட யாராலும் முடியாது. எவ்வளவு பங்கு கோழியிலிருந்து, எவ்வளவு மருந்துக் கடையிலிருந்து, எவ்வளவு வைத்தியசாலைக்குள்ளிருந்தே என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதாடுகிறார்கள். மொத்தத்துக்கு ஒரு கணக்கு உண்டு. மருந்துக்கு அடங்காத பக்டீரியாத் தொற்றே நேரடிக் காரணமாக 2019 இல் உலகில் இறந்தவர்கள் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் என்பது ‘லான்செட்’ இதழ் வெளியிட்ட மதிப்பீடு.

கோவாவும் போஞ்சியும் சட்டியில் கொதிக்கும்போது கதை முடிந்துவிடும். பிரச்சினை வேகாத இலையில். வல்லாரைச் சம்பல் இல்லாத சோற்றுக் கடை கண்டியில் ஏது? அரிந்த வல்லாரை, தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப் புளி. அடுப்பின் பக்கமே போகாது. ஃபிரைட் ரைஸ் தட்டின் ஓரத்துச் சலாது இலையும் அப்படித்தான். பச்சை எரு போட்ட பின், மண்ணைத் தொட்டு வளரும் பயிரை அறுவடை செய்ய 120 நாள் பொறுக்கவேண்டும் என்கிறது அதே அமெரிக்க விதி. கரட்டின் ஆயுளே ஏறக்குறைய அவ்வளவுதான். சலாதுக்கு அதில் பாதிகூட இல்லை. கொய்யக் கொய்யத் தளிர்க்கும் வல்லாரைக்கு அந்த விதியைப் பொருத்தினால் பாத்தியையே மூடவேண்டும். வீட்டில் கொண்டிஸ் கரைத்த ஊதாத் தண்ணீரில் இலையை அலசுகிறார்கள். கிருமி குறையும். இலை மடிப்புக்குள் ஒட்டியிருப்பதை அது முழுவதும் எடுத்துவிடும் என்று நம்பவேண்டாம்.

பழியை விவசாயி தலையில் கட்டுவது சுலபம், நியாயம் இல்லை. குத்தகைச் சரிவில் நாலு பாத்தி வைத்திருப்பவருக்குக் குவியல் போட ஒரு சமதரை கிடையாது. ஐந்து தடவை புரட்டக் கூலி யார் கொடுப்பது? ஐப்பசி மழை இறங்கினால் மூடாத குவியல் குளிர்ந்து சேறாகிவிடும். குவியல் இருக்கவேண்டிய இடம் பண்ணை. அங்கே தரை இருக்கிறது, கூரை இருக்கிறது, உமியும் இருக்கிறது. கூட்டிலிருந்து வாரிய எருவை மூன்று வாரம் அங்கேயே வேகவைத்து, எத்தனை நாள் சூடேறியது என்ற ஒரு சீட்டோடு மூடை கட்டினால் போதும். மூடையின் விலை கூடும், எடை குறையும், நாற்றமும் குறையும். குஞ்சுத் தண்ணீரில் மருந்து ஊற்றும் கையை மிருக வைத்தியரின் சீட்டு இல்லாமல் நீளவிடாதிருப்பது அதற்கும் முந்தைய வேலை. இரண்டுக்கும் ஆட்கள் கெட்டம்பேக்கும் கன்னொறுவைக்கும் நடுவே இருக்கிறார்கள். அவர்களுக்கிடையில் ஓர் ஆறும் ஒரு பாலமும்தான் தூரம்.

லொறி நுவரெலியாப் பக்கத்துச் சரிவொன்றில் மூடைகளை வீதியோரம் அடுக்கிவிட்டுப் போயிருக்கும். பின்னேரத்தில் மழை. அடி மூடையிலிருந்து தேத்தண்ணி நிறத்தில் ஒரு கசிவு கிளம்பிக் கானுக்குள் இறங்குகிறது. கான் ஓடையில் சேரும், ஓடை நானுஓயாவில், நானுஓயா கொத்மலை ஓயாவில், அது நீர்த்தேக்கத்தில் தங்கி மகாவலியில். மகாவலி கம்பளையைத் தாண்டி, பேராதனைப் பாலத்தின் கீழாக, கெட்டம்பேயைச் சுற்றிக்கொண்டு கட்டுகஸ்தோட்டைக்கு வரும். காலையில் யன்னலைச் சாத்திய பஸ் மாலையில் அந்தப் பாலத்தின் மேல் நெரிசலில் நிற்கும்போது யன்னல்களெல்லாம் திறந்திருக்கும். ஆற்றில் மணம் ஏதும் வராது.